அசையாத படம்

மார்ச் 12, புதன்.

இன்று ஒரு தப்பு செய்துவிட்டேன். ஸ்கேன் அறைக்குள் பேசுகிற மைக்கை அணைக்க மறந்துபோனேன். ஒரு வரிசைப் படம் முடிந்து அடுத்தது தொடங்குமுன் இயந்திரம் கொஞ்ச நேரம் சத்தமில்லாமல் இருக்கும். அந்த நேரம் பார்த்து யோன்சூக் அக்காவிடம், "மத்தியானத்துக்கு ஜாம்போங் நூடுல்ஸ் சொல்லவா, ஜாஜாங் நூடுல்ஸ் சொல்லவா?" என்று கேட்டேன். என் குரல் உள்ளே போய், மருந்தில் தூங்கிக்கொண்டிருந்த குழந்தை விழித்துக்கொண்டது. ஒரு படமும் உருப்படியாக வரவில்லை. சின்னத் தப்புதான் என்று எல்லோரும் சொல்கிறார்கள்.

மாலை வகுப்பின் இடைவேளையில் சூரின் இதை எழுதினாள். எழுதிவிட்டுக் கடைசி வரியை அடித்தாள். அடித்தது மிகையோ என்று தோன்றி, அதையே மறுபடி எழுதினாள். பிறகு வகுப்புக்குள் போய் உட்கார்ந்தாள். ஒன்றும் காதில் ஏறவில்லை.

அவளுக்கு இருபத்தைந்து வயது. பகலில் ஜின்ஜு நகரத்து மருத்துவமனை ஒன்றில் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்கிற வேலை. டிப்ளமோவோடு வேலைக்கு வந்துவிட்டதால், பட்டத்துக்காக மாலை வகுப்பு. எதையும் வரிசைப்படி செய்கிறவள். செய்து முடித்ததும் வரிசை சரிதானா என்று திரும்பிப் பார்க்கிறவள். "இவ வீட்டப் பூட்டிட்டு மூணு தடவ இழுத்துப் பாப்பா. நாலாவது தடவ பூட்டே கையோட வந்துடும்" என்பாள் நர்ஸ் யோன்சூக்.

விழித்துக்கொண்டது வேறு குழந்தையாக இருந்தால் பாதகமில்லை. அந்தக் கசப்பு சிரப்பில் இன்னும் கொஞ்சம் புகட்டி, கண் சொருகியதும் திரும்பப் படுக்கவைத்துவிடலாம். ஹேதாமுக்கு அது ஆகாது. மூன்று வயதுப் பையன். பிறக்கும்போதே தாடை சிறுத்துப் பிறந்தவன். மல்லாத்தினால் நாக்கு பின்னால் சரிந்து தொண்டையை அடைக்கும். மூச்சுக்குழாயும் நனைந்த காகிதக் குழல்போல இளசு. விழித்திருக்கும்போதே ஈரக்கட்டையில் ரம்பம் இழுக்கிற மாதிரிதான் மூச்சு விடுவான். அந்தக் குழாயைத் திறந்து பிடித்துக்கொண்டிருப்பவை தசைகள். தூக்க மருந்து உள்ளே போனால் அவையும் சேர்ந்து தூங்கிவிடும்.

மயக்க மருந்து டாக்டர் பாங் மானிட்டரை நம்பாதவர். இயந்திரத்தின் வாய்க்குள் தோள்வரை கையை நுழைத்து, பிள்ளையின் நெஞ்சில் உள்ளங்கையை வைத்தபடியே ஸ்கேன் முடியும்வரை நிற்பார். "நம்பர் இறங்கறதுக்கு முன்னாடியே கைக்குத் தெரிஞ்சுடும்" என்பார். அன்று ஹேதாமுக்கு மருந்து கொடுத்தபோதே ஆக்சிஜன் அளவு இறங்கி இறங்கி ஏறிக்கொண்டிருந்தது. அவன் விழித்து அலறியதும் அவர் கையை வெளியே எடுத்தார்.

"இன்னிக்கு இவ்ளோதான். மருந்து குடுக்கறது பெரிய வித்தை இல்ல. குடுத்ததத் திருப்பி வாங்க முடியாது" என்றார். பிறகு சூரின் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஜாம்போங்கே சொல்லிடு. உள்ள இருந்து கேட்டேன், எனக்கும் பசிக்குது" என்றார்.

யோன்சூக் சிரித்தாள். உள்ளே, அலறுகிற பிள்ளையை மார்போடு அணைத்துக்கொண்டிருந்த அவன் அம்மா சிரிக்கவில்லை. மைக்கில் வந்த கேள்வி அவள் காதிலும் விழுந்திருந்தது.

அவள் பெயர் மிக்யாங். சான்ச்சோங் மலைப்பக்கத்தில் ஸ்ட்ராபெர்ரி கொட்டகைகளில் வேலை. குனிந்து குனிந்து பழம் பறித்து, நிமிர்ந்து நிற்கும்போதும் பாதி குனிந்தே நிற்கிறவள். கணவன் லாரியோடு எங்கோ ஓடிக்கொண்டிருப்பான். மருத்துவமனையில் அவனை யாரும் பார்த்ததில்லை.

போன வருடம் ஹேதாம் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தான். "தண்ணி" என்றும் "அம்மா" என்றும் "போ" என்றும் சொன்னான். கோடை போய்க் குளிர் வருவதற்குள் ஒவ்வொன்றாக உதிர்ந்தது. நரம்பு டாக்டர் யோம், மூளையின் வெள்ளைப் பகுதி கரைகிற நோயாக இருக்கலாம் என்று சந்தேகப்பட்டார். அப்படியென்றால் அதற்கு வைத்தியம் பார்க்கிற இடம் சியோலில் ஒன்றுதான். அங்கே கேட்டதற்கு, கரைசல் ஓர் எல்லையைத் தாண்டியிருந்தால் எடுக்க மாட்டோம், முதலில் படத்தை அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறோம் என்றார்கள். அங்கேயே படமெடுக்கலாமென்றால், பிள்ளைகளைத் தூங்கவைத்து எடுக்கிற வரிசை இலையுதிர்காலம் வரைக்கும் நீண்டு கிடந்தது. ஜின்ஜுவில் வரிசை இல்லை. ஆனால் இப்படிப்பட்ட மூச்சுள்ள பிள்ளைக்கு மருந்து கொடுக்கத் துணிகிற டாக்டர் பாங் ஒருவர்தான். அவரும் புதன்கிழமை மட்டும் வருகிறவர். ஏப்ரலோடு அதுவும் நின்றுபோகும். பூசானில் வேறு இடத்துக்குப் போகிறார். அவருக்குப் பதில் ஆள் போட விளம்பரம் கொடுத்துப் பார்த்தார்கள். ஒருவரும் வரவில்லை.

ஆக, ஏப்ரல் முடிவதற்குள் ஒரு படம் வேண்டும். அவ்வளவுதான் கேட்டாள் மிக்யாங்.

அடுத்த புதன் ஹேதாமுக்குக் காய்ச்சல். சளி பிடித்த பிள்ளைக்கு மருந்து கொடுத்தால் தொண்டை இறுகிக்கொள்ளும். அது ஆறிச் சில வாரம் போக வேண்டும். அது ஆறியதும், வசந்தந்தோறும் பாலைவனத்திலிருந்து காற்றில் வருகிற மஞ்சள் தூசு வந்தது. ஊரே முகமூடியோடு திரிந்தது. மலை இருந்த இடத்தில் பழுப்பாக ஒரு திரை நின்றது. அந்த வாரமும் ஹேதாமின் நெஞ்சில் கோழைச் சத்தம். ஒவ்வொரு தடவையும் தேதி மாற்ற மிக்யாங் ஸ்கேன் அறைக்கே போன் செய்வாள். எடுப்பது சூரின்.

"மேடம், இவன் இப்ப ஸ்பூன விட்டுட்டான்."

"கீழ போட்டுட்டானாம்மா?"

"இல்லீங்க. பிடிக்கத் தெரியல. கையில வெச்சா, இது என்னடான்னு பாத்துக்கிட்டே இருக்கான்."

சூரின், "புதன்கிழமை வந்துடுங்கம்மா" என்பாள். போனை வைத்ததும், அந்த மார்ச் புதனில் தான் வாயை மூடிக்கொண்டிருந்தால் இந்நேரம் படம் சியோலுக்குப் போயிருக்கும் என்று நினைப்பாள். நினைப்பது நியாயமா, தன்னைப் பெரிய ஆளாக்கிக்கொள்கிற ஆசையா என்று அதையும் சந்தேகப்படுவாள்.

கடைசியில் ஏப்ரலின் கடைசிப் புதன்தான் கிடைத்தது.

அன்று காலை மிக்யாங் பிள்ளையை முதுகில் துணியால் கட்டிக்கொண்டு வந்தாள். ஹேதாமின் கண்ணிமைகள் வீங்கிச் சிவந்திருந்தன. மருந்து சீக்கிரம் பிடிக்க வேண்டுமென்றால் முதல்நாள் ராத்திரி பிள்ளையைத் தூங்க விடக்கூடாது. வரும் வழியில் பஸ்ஸில் கண்ணசந்தால்கூடப் போச்சு. எல்லா அம்மாக்களுக்கும் சொல்லி அனுப்புவது இது.

"முழிக்க வெச்சீங்களா?" என்று கேட்டாள் யோன்சூக்.

"வெச்சேங்க. காசு போட்டுத் துவைக்கிற கடைக்குக் கூட்டிப் போயிட்டேன். மிஷின் சுத்தறதப் பாத்தா கண்ண மூடவே மாட்டான். எங்கிட்ட அழுக்குத்துணி தீந்துபோச்சு. துவைச்சதையே மறுபடி மறுபடி போட்டேன்."

"அடக் கடவுளே, சொல்லியிருந்தா எங்க வீட்டுக்காரர் துணிய அனுப்பியிருப்பேன். அது ஒண்ணே விடிய விடிய ஓடும்."

மிக்யாங் சிரித்தாள். அவள் சிரித்து சூரின் பார்த்தது அதுதான் முதல் தடவை. கையில் ஒரு பெட்டி ஸ்ட்ராபெர்ரி கொண்டுவந்திருந்தாள். "கடைசிப் பறிப்புங்க. சின்னதாத்தான் இருக்கும். இனிப்பு" என்று மேசைமேல் வைத்தாள்.

எடை பார்க்கப் பிள்ளையைத் தூக்கியது சூரின். அவன் தலை அவள் கழுத்தில் சாய்ந்தது. ரம்பச் சத்தம் காதோரம் வந்தது. அந்த மூச்சில் பேரிக்காய் வாசனை அடித்தது. அதற்கு அடியில் வேரின் மண்கசப்பு.

சூரினுக்குத் தெரிந்த வாசனை. அது பேரிக்காயும் தொராஜி வேரும் சேர்த்துக் காய்ச்சிய கஷாயம். அவள் வீட்டிலும் உண்டு. இருமினால், தொண்டை கட்டினால், தூசு பறந்தால், எல்லா வீட்டிலும் அதை அடைத்த பிளாஸ்டிக் பையின் முனையை வெட்டிப் பிள்ளையின் வாயில் வைத்துவிடுவார்கள்.

மருந்துக்கு முன் வயிறு காலியாக இருக்க வேண்டும். பால் கூடாது, சோறு கூடாது, பழச்சாறு கூடாது என்று மிக்யாங்கிடம் படித்துப் படித்துச் சொல்லியிருந்தது. மயக்கத்தில் வாந்தி வந்தால் அது நெஞ்சுக்குள் இறங்கும். இந்த நெஞ்சுக்குள் இறங்கினால் அப்புறம் பேச ஒன்றுமில்லை. இது சூரினுக்குத் தெரியும். இன்று விட்டால் வேறு புதன் இல்லை. அதுவும் தெரியும். சட்டையில் சிந்தியதாக இருக்கலாமே? நேற்று குடித்த வாசனையாக இருக்கலாமே? முகத்தைத் துடைக்கிற சாக்கில் குனிந்து இன்னொரு தடவை முகர்ந்து பார்த்தாள். சட்டையில் இல்லை. வாயில்தான்.

"ஹேதாம் அம்மா, காலைல ஏதாவது குடிச்சானா?"

"ஒண்ணும் இல்லீங்க. சொட்டுத் தண்ணிகூடக் குடுக்கல."

"கஷாயம்?"

மிக்யாங் உடனே, வெள்ளையாக, "அது குடுத்தேன். பஸ் ஏறும்போது ஒரு பை. மூச்சு கொஞ்சம் இழுத்துச்சு, தொண்ட தொறக்கட்டும்னு" என்றாள். சொல்லி முடித்த பிறகுதான் சூரின் முகத்தைப் பார்த்தாள். "அது சாப்பாடு இல்லீங்களே. மூச்சுக்குத்தானே?"

சூரின் பிள்ளையை அவளிடம் கொடுத்துவிட்டு டாக்டர் பாங்கைத் தேடிப் போனாள். அவர் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி நெற்றியைத் தேய்த்தார். "சக்கையோட இருக்கும் அது. தண்ணிக்கணக்கு இல்ல, சாப்பாட்டுக்கணக்கு. சாயங்காலம் வரைக்கும் வயித்துல கிடக்கும். மூணு மணிக்கு எனக்கு ஆபரேஷன் தியேட்டர். அப்புறம் பூசான் பஸ்." கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "இன்னிக்கு மருந்து குடுக்க முடியாது. அம்மாகிட்ட நானே வந்து சொல்றேன்."

சொன்னார். பணிவாகத்தான் சொன்னார். மிக்யாங் அவரைப் பார்க்கவேயில்லை, சூரினைப் பார்த்தாள்.

"ஒரு தடவ உங்க வாயால கெட்டுச்சு" என்றாள். "இன்னிக்கும் உங்க வாயாலதானா?"

யோன்சூக் குறுக்கே வந்தாள். "இந்தாம்மா, அந்தப் புள்ள சொல்லலேன்னா உங்க பையன் இன்னிக்கு..."

"என்ன ஆயிருக்கும்? சொல்லுங்க. இப்ப மட்டும் என்ன ஆகிட்டிருக்கான்?"

மிக்யாங் பிள்ளையை முதுகில் போட்டுத் துணியை இறுக்கிக் கட்டினாள். ஆனால் வெளியே போகவில்லை. நடைபாதையில் ஜன்னலோரம் நின்று, பழக்க தோஷத்தில் இடமும் வலமுமாக ஆடிக்கொண்டிருந்தாள். சூரின் கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்து, அடுத்து வந்த ஒரு தாத்தாவின் இடுப்பைப் படமெடுத்தாள். மைக் அணைந்திருக்கிறதா என்று பார்த்தாள். மறுபடியும் பார்த்தாள்.

தாத்தாவை அனுப்பிவிட்டுக் கதவைத் திறந்தபோது ஏதோ குறைகிறதுபோல இருந்தது. கொஞ்சம் பொறுத்துத்தான் புரிந்தது. ரம்பச் சத்தம் நின்றிருந்தது. பதறிப்போய் ஓடிப் பார்த்தாள். ஹேதாம் அம்மாவின் முதுகில் கவிழ்ந்து, ஒரு கன்னம் அழுந்தத் தூங்கிக்கொண்டிருந்தான். வாய் திறந்திருந்தது. நாக்கு முன்னால் விழுந்திருந்தது. மூச்சு மெல்லிய சீறலாகத் தடையில்லாமல் போய் வந்தது.

"இப்படிப் படுத்தா சத்தம் இருக்காது" என்றாள் மிக்யாங் திரும்பாமலே. கோபம் வற்றிய குரல். "மல்லாக்கப் போட்டாத்தான் இழுக்கும். வீட்ல எப்பவும் இப்படித்தான் தூங்குவான்."

சூரின் அங்கேயே நின்றாள். தலைக்கு மாட்டி, படத்துக்கான சிக்னலை வாங்குகிற கூண்டு மல்லாந்து படுத்தால்தான் பொருந்தும். அதனால் எல்லோரையும் மல்லாத்தினார்கள். ஆனால் அதே வேலையைச் செய்கிற, முழங்காலுக்குச் சுற்றுகிற மெத்தென்ற பட்டை ஒன்று அலமாரியில் இருந்தது. ஒருக்களித்த சின்னத் தலைக்கு அது போதும். படம் கொஞ்சம் மங்கும், பரவாயில்லை. போதுமா? போதும் என்றுதான் நினைத்தாள். இவ்வளவு நேரம் இது ஏன் தோன்றவில்லை என்று தன்மேல் எரிச்சல் வந்தது. எரிச்சலுக்கு நேரமில்லை என்று அதை ஒதுக்கினாள்.

டாக்டர் பாங் மாடிப்படியில் ஏறிக்கொண்டிருந்தார். அவள் கீழே இருந்தபடியே கூப்பிட்டாள். "சார், மருந்தில்லாம எடுத்துப் பாக்கலாமா? அவனாத் தூங்கறான். ராத்திரி பூரா முழிச்சது. ஒருக்களிச்சுப் போட்டா மூச்சும் நல்லாருக்கு."

"அந்த மிஷின் சத்தத்துலயா? செத்த பொணமே எந்திரிக்கும்."

"சத்தம் கம்மியானத முதல்ல போடறேன். பழகினப்புறம் பெருசு. காது ரெண்டையும் நல்லா அடைச்சுடலாம். எந்திரிச்சா எந்திரிக்கட்டும் சார். மருந்தே இல்லையே, என்ன ஆகப்போகுது?"

அவர் படியில் நின்று யோசித்தார். பிறகு இறங்கி வந்தார். "வா. கை எனக்கு. சத்தம் உனக்கு."

அதற்கப்புறம் யாரும் வாயைத் திறக்கவில்லை. காந்தத்துக்குப் பக்கத்தில் உலோகம் ஆகாதென்று, மிக்யாங்கின் தலையிலிருந்து கொண்டை ஊசிகளை யோன்சூக் ஒவ்வொன்றாக உருவினாள், காப்பைக் கழற்றினாள், உள்ளாடையில் கம்பி இருக்கிறதா என்று சைகையால் கேட்க, மிக்யாங் தலையை ஆட்ட, அதையும் சட்டைக்குள்ளேயே அவிழ்த்து வாங்கிக்கொண்டாள். வேளை கெட்ட வேளையில் போன் ஒலித்தது. யோன்சூக் பாய்ந்து அதன் வயரையே பிடுங்கினாள். பிறகு தன் மரச்செருப்பைக் கழற்றிவிட்டு, கால்விரல் தெரிகிற ஓட்டைக் காலுறையோடு நடந்தாள். மிக்யாங் ஸ்கேன் மேசைமேல் பின்புறமாகச் சாய்ந்து, சுமைகூலிக்காரன் மூட்டையை இறக்குகிற பக்குவத்தில் பிள்ளையைத் துணியோடு சரித்தாள். ஹேதாம் ஒருக்களித்து விழுந்தான். ஒரு பெருமூச்சு. கண் திறக்கவில்லை.

காதுகளை அடைத்து, பட்டையைச் சுற்றினார்கள். மேசை உள்ளே போனது. இந்தப் பக்கம் டாக்டர் பாங் தோள்வரை கையை நுழைத்தார். அந்தப் பக்கத்து வாயில் மிக்யாங் பாதி உடலை உள்ளே விட்டுப் பிள்ளையின் காலைப் பிடித்துக்கொண்டாள்.

முதல் வரிசை, மெல்லிய தட்டல். ஹேதாம் அசையவில்லை. இரண்டாவது கொஞ்சம் கனம். விரல் ஒன்று துடித்தது, அடங்கியது. சூரின் பட்டியலிலிருந்து அவசியமில்லாததையெல்லாம் அழித்தாள். அழிக்கும்போதெல்லாம், இது அவசியமில்லைதானா என்று ஒரு கணம் நின்றாள். கடைசியாக மிச்சமிருந்தது சியோல்காரர்கள் கட்டாயம் கேட்ட வரிசை. அதுதான் எல்லாவற்றிலும் உரத்தது. பொத்தானை அழுத்தினாள். இயந்திரம் தகரக்கொட்டகையில் கல்மழை பெய்கிற மாதிரி அடித்தது. ஹேதாமின் முழங்கால் வயிற்றை நோக்கி மடங்கியது. கண்ணாடி வழியாக மிக்யாங்கின் முதுகு மட்டும் தெரிந்தது. அந்த முதுகு இடமும் வலமுமாக மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. முழங்கால் திரும்ப நீண்டது.

முடிந்தது. டாக்டர் பாங் மரத்துப்போன கையை உதறிக்கொண்டு வெளியே வந்தார். "இத்தன வருஷத்துல நான் சும்மா நின்னு சம்பளம் வாங்கினது இன்னிக்குத்தான்" என்றார். யோன்சூக் ஓட்டைக் காலுறையோடு ஓர் ஆட்டம் போட்டாள். மிக்யாங் பிள்ளையைத் திரும்ப முதுகில் ஏற்றிக்கொண்டு, அழுதபடி, சூரினுக்கு இடுப்பு ஒடியக் குனிந்து வணங்கினாள். "நான் பேசினத மனசுல வெச்சுக்காதீங்க மேடம். வாய் இருக்கே, இது மாட்டு வாய்" என்றாள். ஸ்ட்ராபெர்ரியை அவளே கழுவி, ஆளுக்கொன்றாகக் கையில் திணித்தாள்.

சூரின் பழத்தை வாயில் போட்டுக்கொண்டே திரையைப் பார்த்தாள். அவள் டாக்டர் இல்லை. படத்தைப் படிப்பது அவள் வேலையும் இல்லை. ஆனால் ஒரு நாளைக்கு எத்தனையோ மூளைகளைப் பார்க்கிறவள். கரையாத இடம் படத்தில் சாம்பலாகத் தெரிய வேண்டும்; இங்கே அது வெளுத்திருந்தது. இடது, வலது, இரண்டு பக்கமும், கண்ணாடியில் பார்த்ததுபோல ஒரே மாதிரி. பின்னாலிருந்து முன்னால்வரை. அடுத்த படத்தைத் தள்ளினாள். அடுத்தது. எல்லாம் துல்லியமாக இருந்தன. மங்கலாகும் என்று பயந்தாளே, ஒரு கோடுகூட மங்கவில்லை.

"நல்லா வந்திருக்குங்களா?" என்று பின்னாலிருந்து கேட்டாள் மிக்யாங்.

"அசையவே இல்லம்மா" என்றாள் சூரின். அது உண்மை.

சியோலிலிருந்து பதில் வெள்ளிக்கிழமையே வந்துவிட்டது. டாக்டர் யோம் ஸ்கேன் அறைக்கு இறங்கி வந்து, சூரின் பக்கத்தில் நின்று படங்களை ஒருமுறை முதலிலிருந்து பார்த்தார்.

"எடுக்க மாட்டாங்களாம்" என்றார். "இந்த அளவுக்குப் போனப்புறம் அந்த வைத்தியம் பண்ணினா, வைத்தியமே பிள்ளைய முடிச்சுடும்கறாங்க. அது சரிதான்."

"வேற எங்கயாவது, சார்?"

"வேற எங்கயும் இல்ல."

அவள் கேட்கக்கூடாது என்றுதான் நினைத்தாள். கேட்டுவிட்டாள். "மார்ச்ல எடுத்திருந்தா, சார்?"

அவர் உடனே இல்லை என்று சொல்லியிருக்கலாம். யோசித்தார். அவள் மனம் நோகக்கூடாதென்று நினைக்கிற அளவுக்கு அவருக்கு அவளைத் தெரியாது. "மார்ச்லயும் தாண்டியிருக்கும்னுதான் நினைக்கறேன்" என்றார். "ஆனா மார்ச் படம் நம்மகிட்ட இல்லையே." சொல்லிவிட்டு, மேலே காத்திருக்கிற தாயைப் பார்க்கப் போனார்.

அன்று முழுதும் சூரின் வேலையில் ஒரு தப்பும் செய்யவில்லை. யோன்சூக் எங்கிருந்தோ ஒரு வெள்ளைத்தாளில் எழுதிக்கொண்டு வந்து பதிவு மேசையின் கண்ணாடியில் ஒட்டினாள்: குழந்தைகளைத் தூங்கவைத்து எடுக்கும் ஸ்கேன் இனி இங்கே இல்லை. "யாரக் கேட்டாலும் பூசான் போகச் சொல்லணுமாம்" என்றாள். "பூசான்ல வரிசை எவ்ளோன்னு கேட்டேன். கேக்காம இருந்திருக்கலாம்." டேப்பின் முனையை நகத்தால் தேய்த்து ஒட்டிவிட்டு, கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் வேடிக்கையாக ஏதாவது சொல்வாள் என்று சூரின் காத்திருந்தாள். அவள் டேப்பை டிராயரில் போட்டு மூடினாள்.

வேலை முடிகிற நேரத்தில் மிக்யாங் வந்தாள். ஹேதாம் முதுகில் விழித்திருந்தான். ரம்பம் ஓடிக்கொண்டிருந்தது. அவள் அழுதிருந்ததாகத் தெரியவில்லை. கொட்டகை வேலைக்கு நடுவே வந்தவள்போல, மண் ஒட்டிய ரப்பர் செருப்போடு வாசலிலேயே நின்றாள்.

"உள்ள வாங்கம்மா."

"இல்லீங்க, அழுக்குக்கால்." பிறகு சொன்னாள். "படம் ரொம்ப நல்லா இருக்காம். டாக்டர் சொன்னாரு. அதனாலதான் அங்க இவ்ளோ சீக்கிரம் சொல்லிட்டாங்களாம்."

"ஆமாம்மா."

"மங்கலா வந்திருந்தா, இன்னொரு தடவ எடுத்து அனுப்புங்கன்னு சொல்லியிருப்பாங்க. இல்ல?"

சூரினால் அவளைப் பார்க்க முடியவில்லை. முதுகிலிருந்த பிள்ளையைப் பார்த்தாள். அவன் கூரையில் சுற்றுகிற விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தான். "சொல்லியிருப்பாங்கம்மா" என்றாள்.

மிக்யாங் தலையாட்டினாள். குற்றம் சொல்கிற தொனி அதில் இல்லை. ஒரு கணக்கு சரியாக வந்ததா என்று பார்த்துக்கொண்டவள்போல இருந்தது. துணியின் முடிச்சை அவிழ்த்து, இன்னும் கொஞ்சம் மேலேற்றிக் கட்டினாள். பிள்ளை எடை குறைந்திருப்பான்போல. துணி மிச்சம் தொங்கியது.

"எனக்குப் படம் வேணுங்க. கையோட."

"டாக்டர் யோம் அனுப்பிட்டாரேம்மா."

"அவங்க கம்ப்யூட்டர்ல பாத்தாங்க. இவனப் பாக்கலியே." மிக்யாங் குரலை உயர்த்தவில்லை. "நான் நேர்ல போறேன். வாசல்ல உக்காந்தா யாராவது ஒருத்தர் பாப்பாங்க. இப்படி முதுகுல போட்டா எவ்ளோ நல்லா மூச்சு விடறான்னு காட்டறேன். படத்தையும் காட்டறேன்."

பயனில்லை என்று சொல்ல வேண்டும். சொல்ல வேண்டியவர் டாக்டர் யோம், அவர் சொல்லிவிட்டார். மறுபடி தன் வாயால் எதைக் கெடுப்பது, எதைக் காப்பது என்று சூரினுக்குத் தெரியவில்லை. "எத்தன மணிக்கு பஸ்?" என்று மட்டும் கேட்டாள்.

"நாளைக்கு ஒன்பது மணி பஸ்ஸுங்க. எட்டேகாலுக்குக் கீழ்வாசல்ல நிக்கறேன்."

மிக்யாங் போனபின் நடைபாதையில் அந்த ரம்பச் சத்தம் லிஃப்ட் கதவு மூடும்வரை கேட்டது.

அன்று மாலை வகுப்புக்கு சூரின் போகவில்லை. அறையில் உட்கார்ந்து, மறுநாள் வேலையை எழுதி வைத்தாள். நாளை சனி. ஏழரைக்குப் போக வேண்டும். ஹேதாமின் படங்களை இரண்டு சி.டி.யில் ஏற்ற வேண்டும். ஒன்று கீறிப்போனால் இன்னொன்று இருக்கட்டும். பெயரும் பிறந்த தேதியும் சரியா என்று பார்க்க வேண்டும். வேறொரு கணினியில் போட்டு, திறக்கிறதா என்று பார்க்க வேண்டும். எட்டேகாலுக்குள் கீழ்வாசலில் அவன் அம்மாவிடம் கொடுக்க வேண்டும்.